மூக்கின் செல்களும் முதுகுத்தண்டுக் காயமும்: கேள்வி பதில்

காரைக்குடி வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற உடற்கூறியல் பேராசிரியர் ஒருவர் பதிலளிக்கிறார்.

மூக்கிலிருந்து செல்லை எடுத்து முதுகில் வைக்கிறார்களாம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? (கோட்டையூர் வாசகி)

மூக்கின் உட்கூரையிலுள்ள முகர்வு நரம்பணுக்கள் தூசியிலும் கிருமியிலும் அடிபட்டு அழிந்துகொண்டே இருப்பவை. அவற்றின் இடத்தில் வாழ்நாள் முழுவதும் புதியவை பிறக்கின்றன. பிறக்கும் ஒவ்வொன்றும் தன் இழையை, மூக்குக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள சல்லடை எலும்பின் துளை வழியே நீட்டி, வாசனைச் செய்தியைப் பெறும் மூளைப் பகுதியான முகர்வுக் குமிழுக்குள் சென்று சேர வேண்டும். வளர்ந்தவர்களின் மூளையும், முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடமும் வெளியிலிருந்து வரும் நரம்பிழையைப் பொதுவாக உள்ளே விடுவதில்லை, இங்கே விடுகின்றன. இழைகளைக் கற்றையாகப் பொதிந்து கூடவே செல்லும் உறைச் செல்களே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று லண்டனில் நரம்பியல் ஆய்வாளர் ஜெஃப்ரி ரெய்ஸ்மன் 1985இல் எழுதினார். 1997இல் அவருடைய குழு, எலிகளின் தண்டுவடத்தில் முன்னங்காலுக்குச் செல்லும் பாதையைச் சிதைத்து அங்கே இச்செல்களை வைத்தது. இழைகள் காயத்தைக் கடந்து வளர்ந்தன, எலிகள் அந்தக் காலை நீட்டி இரையை எடுத்தன. இச்செல்கள் தாமே நரம்பாக மாறுவதில்லை, அறுந்த இழைக்கு வழிவிடுகின்றன, அவ்வளவுதான்.

மஞ்சுவிரட்டில் மாடு முட்டி என் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஸ்டெம் செல் ஊசி போட்டால் சரியாகும் என்று ஓரிடத்தில் பல லட்சம் கேட்கிறார்கள். வயலை விற்கலாமா? (சிராவயல் வாசகி)

விற்காதீர்கள், அம்மா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, தண்டுவடக் காயத்துக்கு இத்தகைய சிகிச்சையை முறையாகப் பதிவுசெய்த ஆய்வில் மட்டுமே தரலாம்; ஆய்வில் சேருபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் அது ஆய்வு அல்ல. இப்போது தம்பியைக் காப்பது வேறு வேலை: படுக்கையில் இரண்டு மணிக்கொரு முறை புரட்டிவிடுங்கள், குதிகாலிலும் பிட்டத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பாருங்கள், சிறுநீர் தேங்க விடாதீர்கள்.

ஊசிக்கு எவ்வளவு ஆகும்? எந்த ஊரில் போடுகிறார்கள்? (பள்ளத்தூர், புதுவயல், திருப்பத்தூர் வாசகர்கள்)

மேலே உள்ள பதிலைப் படியுங்கள். பணம் கேட்டால் அது ஆய்வு அல்ல.

கொரோனாவுக்குப் பிறகு எனக்கு வாசனையே தெரியவில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். என் துறை அல்ல.

அப்பத்தாவுக்கு நேற்றிலிருந்து வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. இதற்கும் இந்தச் செல் உதவுமா?

இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். பக்கவாதமாக இருக்கலாம். முக நரம்பு வாதமாக இருந்தாலும் மாத்திரையை முதல் 3 நாளுக்குள் தொடங்க வேண்டும்.

செல்லைப் பிரித்து வளர்ப்பானேன்? மூக்குச் சவ்வையே வெட்டி வைத்தால் ஆகாதா? (கானாடுகாத்தான் வாசகர்)

போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பனில் அப்படிச் செய்தார்கள். அங்கே சிகிச்சை பெற்ற ஒரு பெண்ணுக்கு 8 ஆண்டுகள் கழித்துத் தண்டுவடத்தில் கட்டி வளர்ந்தது. அறுத்துப் பார்த்தபோது உள்ளே மூக்குச் சவ்வும் சளி போன்ற பொருளும் இருந்தன. 2014இல் வெளியான செய்தி இது. சவ்வில் சளி சுரக்கும் செல்களும் உண்டு. எங்கே வைத்தாலும் அவை தம் வேலையைச் செய்யும்.

நீங்கள் ஒரேயடியாக மறுக்கிறீர்கள். போலந்தில் ஒருவர் எழுந்து நடந்தாரே! (தேவகோட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

மறுக்கவில்லை, ஐயா. 2010இல் கத்திக்குத்தால் தண்டுவடம் ஏறக்குறைய முழுவதும் அறுந்த தீயணைப்பு வீரர் அவர். 2012இல் அங்குள்ள நரம்பு அறுவை மருத்துவர் பாவெல் தபாகோவ் குழுவினர் அவருடைய முகர்வுக் குமிழ் ஒன்றை எடுத்து, செல்களை வளர்த்து, காயத்தின் மேலும் கீழும் ஏறத்தாழ 100 நுண்ணூசிகளாகச் செலுத்தி, 8 மில்லிமீட்டர் இடைவெளியைக் கணுக்கால் நரம்புத் துண்டுகளால் இணைத்தார்கள். பின்னர் அவர் நடைச் சட்டத்தைப் பிடித்து நடந்தார்.

அப்படியானால் செல்தானே காரணம்? அறுவைக்கு முன் செய்த பயிற்சியில் பலன் இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். (அதே ஆசிரியர்)

வலுவான வாதம்தான், ஆனால் செல், நரம்புத் துண்டு, வடுவை அகற்றியது, இடைவிடாத பயிற்சி என நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்போது எது வேலை செய்தது என்று பிரிக்க முடியாது. கத்தியின் நேரான வெட்டு வேறு, மாடு முட்டியோ வண்டி மோதியோ நசுங்கிய தண்டுவடம் வேறு. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஆலன் மக்கே-சிம் என்ற ஆய்வாளரின் குழு, தண்டுவடக் காயமடைந்த மூவருக்கு அவரவர் மூக்குச் செல்களையே செலுத்தி 3 ஆண்டுகள் கவனித்தது. தீங்கில்லை, கால் இயக்கமும் திரும்பவில்லை. எனக்கு நம்பிக்கை தருவது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 2012 ஆய்வு. முதுகு அடிபட்ட 34 வளர்ப்பு நாய்களில் 23க்குச் செல்லும் மற்றவற்றுக்கு வெறும் திரவமும் செலுத்தினார்கள். எதற்கு எது என்று அளந்தவர்களுக்குத் தெரியாது. செல் பெற்றவற்றின் முன்கால் பின்கால் ஒத்திசைவு மேம்பட்டது. ஆனால் மூளையிலிருந்து பின்கால்களுக்குச் செல்லும் தொடர்பு மீளவில்லை, சிறுநீர்க் கட்டுப்பாடும் திரும்பவில்லை.

நாய்க்குக் கிடைத்தது மனிதனுக்குக் கிடைக்காதா?

கிடைக்கலாம், ஐயா. அதே கட்டுப்பாட்டோடு மனிதர்களிடம் செய்து காட்டட்டும். அதுவரை சிராவயல் அம்மாவின் வயல் அவரிடமே இருக்கட்டும்.