குடும்பம் என்றால் மொய் நோட்டு எங்கே?

கேள்வி: தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக நர்ஸ். டபுள் ஷிப்ட் பார்த்துப் பார்த்து, பேஷன்ட் அழுதால்கூட இப்போதெல்லாம் எனக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. லீவு கேட்டால் 'நாமெல்லாம் ஒரே குடும்பம், அனுசரிச்சுப் போங்க' என்கிறார்கள். யோகா கிளாஸ் போனால் சரியாகுமா? – வாசகி, திருப்பரங்குன்றம்

பதில்: யோகாவை விடுங்கள் தங்கச்சி. அந்தக் 'குடும்பம்' இருக்கிறதே, அதைக் கொஞ்சம் விசாரிப்போம்.

நம் பக்கம் குடும்பம் என்றால் செய்முறை, அதாவது மொய். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் மேஜை போட்டு ஒருத்தர் பணத்தை எண்ணுவார், ஒருத்தர் நோட்டில் எழுதுவார், இன்னொருத்தர் 'செக்கானூரணி மச்சான் 1001' என்று மைக்கில் அலறுவது பந்தியில் இலை எடுப்பவர் வரைக்கும் கேட்கும். நாளைக்கு மச்சான் வீட்டு விசேஷத்தில் அந்தப் பக்கத்தைப் புரட்டி, மேலே கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்தாக வேண்டும், இல்லையென்றால் பேச்சுவார்த்தை கட். உங்கள் ஆஸ்பத்திரிக் குடும்பத்தில் நீங்கள் செய்த டபுள் ஷிப்டெல்லாம் எந்த நோட்டில் ஏறியிருக்கிறது? உங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு எம்.டி. தாய்மாமன் சீர் கொண்டு வருவாரா? ஹெச்.ஆர். கிடாயைப் பிடித்துக்கொண்டு முன்னே நடக்க, அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் வரிசையாகத் தாம்பாளம் ஏந்தி, கொட்டு மேளத்தோடு... நினைத்துப் பார்த்தேன், டீ புரையேறிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அழுகை உறைக்கவில்லை என்பதற்காக உங்களைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். இதற்குப் பெயர் பர்ன்அவுட், வேலையே ஆளை வற்றவைத்துவிடுவது. அதை அளக்க உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981-ல் வெளியிட்ட அளவுகோலிலேயே இது இருக்கிறது: மனசு வற்றிப்போவது, எதிரே படுத்திருக்கும் ஆள் வெறும் '14-ம் பெட்' ஆகிவிடுவது, என்னத்தைச் செய்து என்ன என்ற சலிப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன்அவுட்டைத் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தபோதும் நோய் என்று சொல்லவில்லை, சரிசெய்யாமல் விட்ட வேலை நெருக்கடியால் வருவது என்றுதான் சொன்னது. ஆள் எடுக்காமல் ஷிப்ட் ஓட்டுவது அவர்கள், மூச்சுப் பயிற்சி மட்டும் உங்களுக்கா? தூக்கமே கெட்டுவிட்டதென்றால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள், அதில் வெட்கம் வேண்டாம். அப்புறம் நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, கூடுதலாகப் பார்த்த ஷிப்டையெல்லாம் தேதி, மணியோடு எழுதி வையுங்கள். கூட இருக்கும் நாலு நர்ஸுகளும் எழுதட்டும். அடுத்த தடவை 'குடும்பம்' என்றால் நோட்டை மேஜைமேல் வையுங்கள்.

நோட்டு என்றதும் ஞாபகம். எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு 101 எழுதிவிட்டு 501 என்று இன்றுவரை சாதிக்கும் திருமங்கலத்துச் சகலை இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிப்பதாகத் தகவல். நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, சகலை. 23-ம் பக்கம், மேலிருந்து நாலாவது வரி.