உலர் தடுப்பூசியும் வெப்பமும்: கேள்வி பதில்

கேள்வி: தட்டம்மைத் தடுப்பூசி தூளாக இருக்கும்வரை வெப்பத்தைத் தாங்குமா?

பதில்: ஓர் எல்லைவரை தாங்கும். உறையவைத்து உலர்த்தும்போது நீர் வெளியேற, நிலைப்படுத்துவதற்காகச் சேர்த்த சர்க்கரையும் புரதமும் கண்ணாடி போல இறுகி, தடுப்பூசியிலுள்ள வலுவிழந்த உயிருள்ள வைரசை அசையவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. வெப்பமும் எஞ்சிய ஈரமும் அந்தப் பிடியைத் தளர்த்தினால், மந்தமாக நடந்துகொண்டிருந்த சிதைவு வேகம் பிடிக்கிறது. 37 பாகை செல்சியசில் ஒரு வாரம் வைத்த பிறகும் ஒரு தவணையில் குறைந்தது 1,000 உயிருள்ள வைரஸ் அலகுகள் மிஞ்ச வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். கரைத்துவிட்டாலோ இந்தப் பாதுகாப்பு முழுவதும் போய்விடுகிறது: அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்திலேயே ஏறத்தாழப் பாதி வீரியம் போகும். ஆகவே கரைத்ததை 2 முதல் 8 பாகையில், ஒளி படாமல் வைத்து, 6 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

கேள்வி: மின்தடையில் சூடேறிய குப்பியை மறுபடி குளிரவைத்தால் வீரியம் திரும்புமா?

பதில்: திரும்பாது. இன்று ஒரு மணி நேரம், நாளை இரண்டு மணி நேரம் என்று பட்ட சூடெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். குப்பியின் வெப்பக் குறியில் (சூடு படப்பட நிறம் கருக்கும் ஒட்டுக்குறி) உள்சதுரம் வெளிவட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அக்குப்பியைப் பயன்படுத்தக் கூடாது.

கேள்வி: பெரியம்மைத் தடுப்பூசி குளிர்பெட்டியே இல்லாத இடங்களிலும் பலித்ததே! இத்தனை கெடுபிடி எதற்கு?

பதில்: அது வேறு வைரஸ். 1950களில் பிரிட்டிஷ் ஆய்வாளர் கோலியர் பெப்டோன் (ஓரளவு செரிக்கவைத்த புரதம்) சேர்த்து உலர்த்திய அந்தத் தடுப்பூசி கடும் வெப்பத்திலும் நெடுநாள் நின்றது. தட்டம்மை வைரஸ் இயல்பிலேயே மென்மையானது.

கேள்வி: அப்படியானால் தட்டம்மைக்கும் பெப்டோன் சேர்க்க வேண்டியதுதானே?

பதில்: நல்ல வாதம்தான், ஆனால் ஒரு வைரசைக் காத்த கலவை இன்னொன்றைக் காக்கும் என்ற உறுதி இல்லை. தட்டம்மைக்குச் சார்பிட்டாலும் (சர்க்கரை சார்ந்த பொருள்) ஜெலட்டினும் (புரதம்) கைகொடுத்தன. 1970களின் இறுதியில் வந்த மேம்பட்ட நிலைப்படுத்திகளுக்கு முன்பு இத்தடுப்பூசி இன்னும் எளிதில் கெட்டது.

கேள்வி: சூடான குப்பியை உறைபெட்டியில் வைத்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது, இரண்டாம் பதிலைப் படியுங்கள். தூள் உறையலாம், ஆனால் அதைக் கரைக்கும் கரைநீர் உறையக் கூடாது, உறைந்தால் அதன் கண்ணாடி விரிசல் விடும்.

கேள்வி: தூள் வெள்ளையாக, உதிரியாகவே இருக்கிறது. நம்பலாமா?

பதில்: வீரியம் கண்ணுக்குத் தெரிவதில்லை. குறியைப் பாருங்கள்.

கேள்வி: கரைநீர் வெளியே இருந்தது, அப்படியே கலக்கலாமா?

பதில்: கூடாது. முதலில் அதைக் குளிரவையுங்கள். அதுவும் அந்தத் தடுப்பூசியோடு வந்த கரைநீராகவே இருக்கட்டும்.