கள்ளக்குறிச்சி போன்ற சில மாவட்டங்கள் மட்டும் அடர்ந்து தெரிவது ஏன்?

நீங்கள் அனுப்பிய தமிழ்நாட்டு மாவட்ட வரைபடத்தைப் பார்த்தேன். சில மாவட்டங்களின் நிறம் மட்டும் அடர்ந்திருப்பதையும், தஞ்சாவூர் ஓரத்தில் வெள்ளைக் கீற்றுகள் தெரிவதையும் கேட்டிருந்தீர்கள். நிறத்தில் கோளாறு இல்லை, மாவட்ட எல்லைக் கோப்பில்தான். அடர்ந்து தெரிவதாக நீங்கள் சொல்லும் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஐந்தும் 2019இல் பிரிந்தவை, மயிலாடுதுறை 2020இல். பழைய 32 மாவட்டக் கோப்பின் மேல் யாரோ இந்த ஆறையும் அப்படியே ஒட்டியிருக்கிறார்கள். பழைய விழுப்புரம் இன்னும் கள்ளக்குறிச்சியின் அடியில் கிடக்கிறது. நீங்கள் ஒபாசிட்டியை (அடியில் இருப்பதை நிறம் எவ்வளவு மறைக்கும் என்ற அளவை) 70இல் வைத்திருப்பதால் இரண்டு நிறமும் கலக்கின்றன. அதை 100 ஆக்கினால் கண்ணுக்கு மறையும். பரப்பளவுக் கணக்கு தப்பாகவே இருக்கும்.

வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் ‘டிஃபரன்ஸ்’ போட்டுப் பழைய மாவட்டத்திலிருந்து புதியதை வெட்டலாம். ஆனால் இரு கோப்புகளின் எல்லைக்கோடுகளும் அச்சாகப் பொருந்தாது, ஓரமெல்லாம் சில்லுகள் மிஞ்சும். நானாக இருந்தால் இந்தக் கோப்பையே தூக்கிப்போட்டு, வட்ட (தாலுகா) எல்லைக் கோப்பை எடுத்து, ஒவ்வொரு வட்டத்துக்கும் இன்றைய மாவட்டப் பெயர் கொடுத்து, ஒரே பெயருள்ளவற்றை ஒன்றாக்கும் ‘டிசால்வ்’ செய்வேன். இன்றைய 38 மாவட்டங்களும் ஒட்டி வரும்.

தஞ்சாவூர் ஓரத்து வெள்ளைக் கீற்றுகள் வேறு சங்கதி. ஒவ்வொரு மாவட்டத்தின் எல்லைக்கோட்டையும் தனித்தனியாக எளிமைப்படுத்தினால் (புள்ளிகளைக் குறைத்தால்) பொது எல்லை இரண்டு விதமாக வளையும். அந்த வேலையை மேப்ஷேப்பர் என்ற கருவியிடம் விடுங்கள். பொது எல்லையை ஒரே கோடாகவே அது கையாளும்.

இன்னொன்று: 2011 கணக்கெடுப்பின் விழுப்புரம் மக்கள்தொகையில் கள்ளக்குறிச்சியும் அடக்கம். அதையும் வட்டவாரியாகக் கூட்டுங்கள். 2011க்குப் பின் உருவான வட்டங்களுக்கு அந்தக் கணக்கெடுப்பின் கிராமவாரி அட்டவணைதான் கதி.