பன்னிரண்டு போதும்

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபில் 12 அணிகளே போதும் என்று எழுதியிருந்தீர்கள். 2025 சீசனில் பத்து ஆட்டம் வென்று இரண்டே தோற்ற நோட்டர் டேமுக்கு இடமில்லை. டுலேனும் ஜேம்ஸ் மேடிசனும் உள்ளே போய் முதல் சுற்றிலேயே அடி வாங்கின. எங்கள் ஒஹாயோ ஸ்டேட் ஆடும் பிக் டென் கான்ஃபரன்ஸ் (அணிகளின் கூட்டமைப்பு) கேட்பதுபோல 24 ஆக்கிவிட்டால் இந்தச் சண்டையே இருக்காதே?
ஆர்., கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள ஆர்.,

நோட்டர் டேமின் அந்த இரண்டு தோல்வியில் ஒன்று மயாமியிடம், 27-24. கடைசியில் இடத்துக்குப் போட்டி போட்டதும் அதே மயாமிதான், அதற்கும் பத்து வெற்றி, இரண்டு தோல்வி. நேருக்கு நேர் ஜெயித்த அணியை விட்டுவிட்டு வேறு யாருக்குக் கொடுப்பது? அந்த மயாமி இறுதிப் போட்டிவரை போனது.

விரிவாக்கமே கூடாது என்பவன் இல்லை நான். 2023-இல் ஃபுளோரிடா ஸ்டேட் 13 ஆட்டமும் வென்று, தன் கான்ஃபரன்ஸ் பட்டத்தையும் வாங்கியது. ஆனால் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் அதன் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிந்திருந்தது. அப்போது பிளேஆஃபில் நான்கு அணிகளுக்குத்தான் இடம். தேர்வுக் குழு அந்த அணியை ஐந்தாவதாக வைத்துவிட்டு, ஒரு ஆட்டம் தோற்ற அலபாமாவை எடுத்தது. மைதானத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்த பையன்களிடம் 'நீங்கள் இனிமேல் ஜெயிக்க மாட்டீர்கள்' என்று சொல்வது அநியாயம், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2024-இல் நான்கு அணி 12 அணி ஆனதும் அந்த அநியாயத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது. சரி, 24 ஆனால் புதிதாக யார் உள்ளே வருவார்கள்? பெரும்பாலும் மூன்று, நான்கு ஆட்டம் தோற்றவர்கள்தான்.

வழக்கமான சீசனின் கடைசியில் ஒஹாயோ ஸ்டேட்டும் அதன் பரம எதிரி மிச்சிகனும் மோதும் ஆட்டத்தைப் பற்றி கொலம்பஸ்காரரான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 அன்று, ஏற்கெனவே ஐந்து ஆட்டம் தோற்றிருந்த மிச்சிகன் உங்கள் ஊருக்கே வந்து 13-10 என்று ஜெயித்தது. நான்கு அணிக் காலமாக இருந்திருந்தால் ஒஹாயோ ஸ்டேட்டின் சீசன் அன்றோடு முடிந்திருக்கும். 12 அணி என்பதால் எட்டாவது இடத்தில் நுழைந்து, டென்னசி, ஓரிகன், டெக்சஸ், நோட்டர் டேம் என்று வரிசையாக வென்று கோப்பையை எடுத்தது. அந்தக் கோப்பையில் எனக்குக் குறையில்லை. ஆனால் 24 ஆனால், இரண்டு அணியும் நன்றாக ஆடும் வருடத்தில் அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே இரண்டுக்கும் இடம் உறுதியாகியிருக்கும், பயிற்சியாளர்கள் முக்கிய ஆட்டக்காரர்களை உட்கார வைப்பார்கள், அப்புறம் அது வெறும் ஒரு ஆட்டம். எவ்வளவு தொலைக்காட்சிப் பணம் வந்தாலும் அதை ஈடு செய்ய முடியாது.

சின்ன அணிகள் அடி வாங்கியது உண்மைதான். ஆனால் டென்னசி கொலம்பஸில் 42-17 என்று தோற்றதே? அலபாமா இந்தியானாவிடம் 38-3 என்று தோற்றதே? அவர்களை யாரும் வராதே என்று சொல்லவில்லை. ஓரிகனின் மைதானத்தில் போய் 34 புள்ளி எடுத்த ஜேம்ஸ் மேடிசனை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

கல்லூரிக் கால்பந்தில் ஒரு படி கீழே இருக்கும் எஃப்சிஎஸ் பிரிவில் 24 அணிகள் ஆடுகின்றனவே என்று கேட்பீர்கள். அங்கே அரையிறுதிவரை முன்னணி அணிக்குச் சொந்த மைதானம் உண்டு. இங்கே 2024-இல் தோல்வியே இல்லாமல் முதலிடம் பிடித்த ஓரிகனுக்கு பிளேஆஃபில் ஒரு ஆட்டம்கூடச் சொந்த ஊரில் இல்லை. முதல் நான்கு அணிகளுக்குத் தருவதுபோல முதல் சுற்றில் ஓய்வு, நேராகக் கலிஃபோர்னியாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் காலிறுதி, அங்கே ஒஹாயோ ஸ்டேட்டிடம் 41-21 என்று தோல்வி. எட்டாவதாக வந்த உங்கள் அணிக்கோ முதல் சுற்று கொலம்பஸிலேயே நடந்தது. இரண்டு வருடத்தில் இப்படி ஓய்வு பெற்ற எட்டு அணிகளில் ஏழு, தங்கள் முதல் ஆட்டத்திலேயே தோற்றன. தப்பியது இந்தியானா மட்டும்.

மாற்ற வேண்டியது இதைத்தான். காலிறுதியை மேலே இருக்கும் அணியின் மைதானத்துக்குக் கொண்டுவரட்டும். எண்ணிக்கை 12-லேயே இருக்கட்டும்.

அந்த டிசம்பர் குளிரில் டென்னசி ஆட்டத்துக்கு நீங்கள் போயிருந்தீர்களா? போயிருந்தால் எப்படி இருந்தது என்று விரிவாக எழுதுங்கள்.