வெயிலில் நழுவும் பேய்த் தாடை

நடிகர் முகத்தில் ஒட்டும் பேய்த் தாடைத் துண்டு படப்பிடிப்பில் நழுவுகிறது, வேறு பசை போடலாமா என்று கேட்கிறீர்கள். பசையை மாற்றிப் பயனில்லை. தாடைத் துண்டை ஜெலட்டினில் செய்யாமல் சிலிக்கோனில் வார்த்தெடுங்கள்.

மனிதன் பேயாக மாறும் மூன்றாம் கட்ட ஒப்பனை, சென்னைக் கடலோரக் கொட்டிவாக்கத்தின் மொட்டைமாடியில் அரை மணி நேரத்திலேயே வழுக்குகிறது என்கிறீர்கள். ஜெலட்டின் சூட்டுக்கு இளகும் பொருள். மே மாத வெயிலோடு கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் வியர்வை அடியில் தேங்கிக் கூழாக்கிவிடும். குளிரூட்டிய அரங்கில் எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

ஐயம் இருந்தால், மிச்சத் துண்டொன்றை முன்கையில் ஒட்டிக்கொண்டு நண்பகலில் மாடியில் நில்லுங்கள். உரிக்கும்போது அடிப்பக்கம் பிசுபிசுவென்று இழுபட்டால் குற்றம் ஜெலட்டினுடையது. துண்டு கெட்டியாக இருந்து ஓரம் மட்டும் தூக்கினால், தோலின் எண்ணெய்ப்பசை போகவில்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள், கண்ணருகே வேண்டாம்.

துண்டின் வாயோரப் பகுதியை நடிகர் வாயைச் சற்றே திறந்திருக்கும்போது ஒட்டுங்கள். மூடியபடி ஒட்டினால் முதல் அலறலிலேயே பிய்ந்துவிடும்.

பிளாட்டினம் வகை (பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும்) சிலிக்கோனைக் கலக்கும்போது லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) கையுறை கூடாது. அதிலுள்ள கந்தகம் பட்டால் சிலிக்கோன் இறுகாது. எந்தப் பசையானாலும் முந்தின நாளே நடிகரின் முழங்கை மடிப்பில் தடவிப் பாருங்கள். அரித்தாலோ சிவந்தாலோ அதை முகத்தருகே கொண்டுபோகாதீர்கள்.