பழைய டபுள் பேஸா, பழசாக்கிய டபுள் பேஸா?

கேள்வி: வயலின் குடும்பத்திலேயே பெரிய வாத்தியமான டபுள் பேஸ் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 150 வருடப் பழசு என்கிறார் விற்பவர். வார்னிஷ் போய், கீறல் விழுந்து, பார்க்கவும் அப்படித்தான் இருக்கிறது. உள்ளே பழுத்துப்போன லேபிள் வேறு. நம்பலாமா?

பதில்: லேபிளை மறந்துவிடுங்கள், அதை யாரும் எப்போது வேண்டுமானாலும் ஒட்டலாம். தேய்மானத்தைப் பாருங்கள். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைவிட எங்கே தேய்ந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். வாசிப்பவர் பேஸுக்குப் பின்னால் நின்று அதைத் தன்மேல் சாய்த்துக்கொள்வார். அதனால் பின்பலகையின் மேல் பாதியில், மெல்லிய தந்தி இருக்கும் பக்கத்து விளிம்பு அவர் உடம்பில் பட்டுப் பட்டுத் தேயும். உச்ச ஸ்தாயிக்குக் கை இறங்கும்போது முன்கை உராயும் தோளும் அதே பக்கம்தான். இடை வளைவின் ஓரங்களில் வில் இடித்த தழும்பு இருக்கும். ஓய்வு நேரத்தில் பேஸைப் பக்கவாட்டில் தரையில் படுக்க வைப்பதால் அந்தப் பக்க விளிம்புகள் நசுங்கியிருக்கும். இந்த இடங்களெல்லாம் புத்தம் புதிதாக இருந்து, யார் உடம்பும் படாத இடத்தில் மட்டும் வார்னிஷ் அழகாகப் போயிருந்தால் அது பட்டறையில் வேண்டுமென்றே பழசாக்கிய வேலை.

அடுத்து ஒரு பூதக்கண்ணாடி எடுத்துக்கொள்ளுங்கள். நிஜமாகத் தேய்ந்த இடத்தின் ஓரம் ஒழுங்காக இருக்காது, ஒரு பக்கம் சில்லு பெயர்ந்திருக்கும், இன்னொரு பக்கம் மெல்ல மெல்லக் கரைந்திருக்கும், நடுவில் மரமே வழவழவென்று பள்ளமாகியிருக்கும். ஸ்ப்ரே அடித்த போலியில் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நிறம் சீராக மாறும், ஆனால் மரம் துளியும் தேய்ந்திருக்காது. கீறல்களும் காட்டிக்கொடுக்கும். எல்லாம் ஒரே ஆழம், ஒரே கறுப்பு அழுக்கு, ஒரே கருவியால் தட்டிய ஒரே மாதிரிக் குழிகள் என்றால் ஒரே நாளில் போட்டவை என்று அர்த்தம்.

அப்புறம் உள்ளே பாருங்கள், என்னைக் கேட்டால் வெளியைவிட உள்பக்கம்தான் முக்கியம். சின்ன விளக்கையும் கண்ணாடியையும் முன்பலகையில் f எழுத்து வடிவில் இருக்கும் எஃப் துளை வழியாக விட்டால் போதும். வார்னிஷ் இல்லாத மரம் வெளிச்சத்திலும் காற்றிலும் தானாகப் பழுப்பேறும், அதுவும் சீராக இருக்காது. சாயம் பூசியதில் தூரிகைக் கோடும் வழிந்த சொட்டும் தெரியும். பசையின் மேலும், விரிசலுக்கு ஒட்டிய மரத்துண்டுகளின் மேலும்கூட அதே நிறம் ஓடியிருக்கும். இவ்வளவு பெரிய, மெல்லிய பலகை 150 வருடம் விரிசல் விடாமல் இருப்பது அபூர்வம். அதனால் பழுது பார்த்த அடையாளம் இல்லாத பழசைத்தான் சந்தேகிக்க வேண்டும். வேறு வேறு காலத்து ஒட்டுகள், தலைப்பகுதியில் புதுக் கழுத்து இணைத்த கோடு, மூன்று தந்தி பேஸை நான்கு தந்தியாக்கியபோது அடைத்த பழைய முறுக்காணித் துளைகள், இவையெல்லாம் நல்ல சகுனங்கள்.

எஃப் துளையின் வெட்டு முகத்தில் அடுக்கடுக்காகத் தெரிந்தால் அது ஒட்டுப்பலகை. பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள், அந்த வகை பேஸ்கள் 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

கேள்வி: மர வளையத்தை எண்ணி வயது சொல்கிறார்களே, அதைச் செய்தால் முடிந்ததா?

பதில்: பாதிதான் முடியும். முன்பலகையின் ஸ்ப்ரூஸ் மரத்தில் கடைசி வளையம் எந்த வருடத்தது என்று தெரிந்தால், அதற்கு முன்னால் அந்த பேஸ் செய்யப்படவில்லை என்று உறுதியாகும். பின்னால் எத்தனை வருடம் கழித்துச் செய்தார்கள் என்பது தெரியாது, பழைய மரத்தில் புது வாத்தியம் செய்யலாமே. ஆனால் ஒரு பொய்யை உடைக்க இது போதும். பேஸ் கலைஞரும் இசைக்குழு நடத்துநருமான குசெவிட்ஸ்கி வாசித்து, பிறகு இன்னொரு பேஸ் கலைஞரான கேரி காரிடம் வந்த புகழ்பெற்ற பேஸை இத்தாலியில் வயலின் செய்த அமாத்தி சகோதரர்கள் 1611இல் செய்ததாக நம்பிவந்தார்கள். வளையங்களை அளந்தபோது அந்த மரம் 18ஆம் நூற்றாண்டிலும் வளர்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. அமாத்தி கதை அத்தோடு போயிற்று, பேஸின் நாதத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

கேள்வி: பழசாக்கியது என்று தெரிந்தே வாங்கலாமா?

பதில்: தாராளமாக. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வயலின் செய்வதில் பேர்பெற்ற வியோம் போன்ற பெரிய கைகளே பழைய வாத்தியங்களின் தேய்மானத்தோடு நகல் செய்தார்கள், அது ஒரு கலை. புது பேஸின் விலைக்குக் கிடைத்து, நாதம் பிடித்திருந்தால் வாங்குங்கள். பழசின் விலை கேட்டால், வயதையும் செய்த இடத்தையும் ரசீதில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தயங்கினால் வந்துவிடுங்கள்.