யோசே வாஸ் முனிவர்: ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

சென்ற வாரம் யாழ்ப்பாணக் கோட்டையைப் பற்றி எழுதும்போது, போகிறபோக்கில் ‘யோசே வாஸ் முனிவர்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். என் யாழ்ப்பாணத் தோழியின் வீட்டிலும் அந்தக் கத்தோலிக்கச் சாமியாரின் படம் உண்டு. பீரங்கிக் கப்பலோடு வந்து மதம் மாற்றியவர்களில் ஒருவரை முனிவர் என்பது கொஞ்சம் அதிகமில்லையா?

ஒரு வாசகி, தஞ்சாவூர்

அன்புள்ள வாசகிக்கு,

முனிவர் என்பது நான் சூட்டிய பட்டம் இல்லை. ஈழத்துக் கத்தோலிக்கர் வாயில் அவர் பெயர் அப்படித்தான் வரும். பீரங்கி விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. இலங்கையில் கத்தோலிக்கம் வேர்விட்டது போர்த்துக்கீசியர் ஆட்சியின் நிழலில்தான். ஆனால் வாஸ் போய்ச் சேர்ந்தது அந்த ஆட்சி ஒழிந்த பிறகு. 1658இல் யாழ்ப்பாணம் டச்சுக்காரர் கைக்கு வந்துவிட்டது. அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் புராட்டஸ்டண்ட் சீர்திருத்த சபை. கத்தோலிக்கச் சாமியாருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை என்று ஆணை போட்டவர்கள்.

ஆள் ஐரோப்பியரும் இல்லை. 1651இல் கோவாவின் பெனாலிமில், கொங்கணி பேசும் பிராமண வழிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். (கோவாவில் மதம் மாறியும் சாதி மாறவில்லை. அது தனிக்கதை.) 1677இல், ‘நான் மாதாவின் அடிமை’ என்று தன் கைப்பட ஒரு சாசனம் எழுதி வைத்தார். அதைப் படித்தபோது எனக்குத் திருவெண்ணெய்நல்லூர்தான் ஞாபகம் வந்தது. அங்கே ‘நீ என் அடிமை’ என்று ஆளோலையோடு சிவனே கிழவராக வந்து வழக்காட வேண்டியிருந்தது, சுந்தரர் அதைக் கிழித்தும் போட்டார். இவர் யாரும் கேட்காமலே எழுதிக்கொடுத்துவிட்டார்.

1687இல் தூத்துக்குடியில் தோணி ஏறினார். அந்தத் துறையும் அப்போது டச்சுக்காரர் வசம். அங்கியைக் கழற்றிவிட்டுக் கூலியாள் வேடம், துணைக்கு ஒரு பணியாள். யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது வயிற்றுக்கடுப்பு, சாகக் கிடந்தார். தேறியதும் பிச்சைக்குக் கிளம்பினார். வீடு வீடாகப் போய் நிற்பார், கழுத்தில் செபமாலை. ‘நீங்கள் கத்தோலிக்கரா’ என்று வாய்விட்டுக் கேட்க முடியாது, கேட்ட ஆளே காட்டிக்கொடுத்துவிடலாம். மாலையைக் கண்டதும் யார் முகம் மாறுகிறது என்று பார்ப்பார். அந்தப் பக்கமும் இதே பயம்தான், பிச்சைக்காரன் வேவுகாரனாக இருந்துவிட்டால்? இப்படி இரண்டு பக்கமும் ஆழம் பார்த்துத்தான் ஒரு வீடு அவருக்குத் திறந்தது. அப்புறம் சில்லாலை கிராமம் அவரை மறைத்து வைத்துக்கொண்டது. பூசையெல்லாம் இரவில்.

1692இல், டச்சுக்காரர் வசம் வராத சிங்கள அரசான கண்டிக்குப் போனார். அங்கே போர்த்துக்கீசிய ஒற்றன் என்று பிடித்துச் சிறையில் போட்டார்கள். பிறகு அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனே அவருக்குக் காவலானான். பௌத்த பிக்குகளின் உயர் தீட்சையான உபசம்பதையை மீட்க அரக்கானிலிருந்து பிக்குகளை வரவழைத்த அதே அரசன். கிறிஸ்தவர்கள் துரத்திய சாமியாருக்கு அடைக்கலம் தந்தது அவன்தான்.

வறட்சியில் அவர் செபித்து மழை பெய்த கதையைப் பக்தர்கள் விரும்பிச் சொல்வார்கள். எனக்குப் பெரியது 1697. கண்டியில் பெரியம்மை பரவி, வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். வாஸும் அவருக்கு மருமகன் முறையான கார்வாலோ சாமியாரும் தங்கிவிட்டார்கள். கேட்பாரற்றுக் கிடந்தவர்களை ஓரிடத்தில் சேர்த்து, புண் கழுவி, கஞ்சி கொடுத்து, செத்தவர்களைப் புதைத்தார்கள். எந்த மதம் என்று பார்க்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அவர் தேடிப்போன சனங்களின் பாட்டன்மார்களில் பலர் மதம் மாறியது அதிகாரத்தின் கீழ்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதிகாரம் போன பிறகு, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் பேரப்பிள்ளைகள் செபமாலையை ஒளித்து வைத்திருந்தார்களே, அதைப் பீரங்கிக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. வாஸ் அவர்களுடைய ஆள்.

கோவாவுக்கு அவர் திரும்பவே இல்லை. 1711 ஜனவரி 16 அன்று கண்டியில் இறந்தார். 2015இல் கொழும்பு காலிமுகத் திடலில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். கோவாவில் சவேரியாரின் உடலைப் பார்க்க இன்றும் வரிசை நிற்கிறது. கண்டியில் வாஸைப் புதைத்த இடம் எது என்று காட்ட ஆளில்லை.